லாங் ஷாட்

"லாங் ஷாட்ல உதடு தெரியாதுங்க. பாட்டு வேற அலறுது. நாம என்ன பேசினாலும் யாருக்கும் கேக்காது."

"அப்ப ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளுங்க."

"என்னைக் கட்டிக்கிறீங்களா?"

"முதல்ல என் காலை மிதிக்காம ஆடுங்க. அப்புறம் பார்க்கலாம்."

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், இதே ஏற்காடு ஏரிக்கரையில், முதல் படத்தின் பாட்டுக்கு ஆடிக்கொண்டே அவரும் அவளும் பேசியது அது.

இன்று தனித்தனிக் காரில் வந்து இறங்கினார்கள்.

ஒப்பந்தத்தில் மிச்சம் இந்த ஒரு பாட்டுதான். அதன் பிறகு அவரை எங்கே பார்ப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

கேமராவுக்குப் பக்கத்தில் குடையோடு நிருபர் பட்டாபி நின்றிருந்தார். 'மூன்றெழுத்து நடிகையும் புதுமுக நாயகரும் பெங்களூர் ஓட்டலில்' என்று எழுதிய அதே பட்டாபி.

அவள் பெங்களூருக்கே போகவில்லை.

அது வெளிவந்த அன்று காலை, அவள் கணவர் அந்தப் பத்திரிகையை இட்லித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இது நிஜமா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஊர் கேட்டால் போகட்டும், இவருமா கேட்பது என்று இருந்தது அவளுக்கு.

"எழுதினவரையே போய்க் கேளுங்க" என்று எழுந்து போனாள்.

சாயங்காலம் அவர் பெட்டியோடு இறங்கிப் போனார். அவள் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிடவில்லை.

பத்து மாதம். அந்த 'இல்லை' தொண்டையிலேயே கிடந்தது. யாரும் கேட்காமல் அதை எப்படிச் சொல்வது?

பாட்டு ஆரம்பித்தது.

அவர் கை அவள் இடுப்பைச் சுற்றி வந்தது. பட்டும் படாமலும் இருந்தது.

இப்போதெல்லாம் அவர் காலை மிதிப்பதே இல்லை.

சரணம் வரட்டும், சத்தம் ஏறும், அப்போது சொல்லிவிடலாம் என்று காத்திருந்தாள்.

சரணம் வந்தது. மூச்சை இழுத்தாள்.

ஒலிபெருக்கி சட்டென்று அடங்கியது.

"ஜெனரேட்டர் நின்னுபோச்சு. யாரும் அசையாதீங்க, அப்படியே நில்லுங்க" என்று கேமராவுக்குப் பக்கத்திலிருந்து டைரக்டர் குரல் கொடுத்தார்.

நின்றார்கள். அவர் கை இருந்த இடத்திலேயே இருந்தது.

ஏரிக்கரை முழுக்க நிசப்தம். யாரோ இருமியது இங்கே கேட்டது.

பட்டாபி குடையை மடக்கிவிட்டு இரண்டு எட்டு முன்னால் வந்தார்.

பாட்டு திரும்ப வரும்வரை பொறுக்கலாம். அவள் பொறுக்கவில்லை. குரலைத் தாழ்த்தவும் இல்லை.

"அன்னிக்குக் காலையில என்கிட்ட ஒண்ணு கேட்டீங்களே. அதை இன்னொரு தடவை கேளுங்க."