கறுக்கக் கூடாத தட்டு

“மறுபடியும் கறுத்துடுச்சா, மினே?”

மேலாளர் ஹதனோ கேட்டதும் மினே தலையாட்டினாள். சோதனைத் தட்டில் அவள் தடவி வளர்த்த ஈஸ்ட், சோயா சாஸ் நிறத்தில் கிடந்தது. இது மூன்றாவது சோதனை.

“நேத்து சாயங்காலம்கூட வெள்ளையாத்தான் சார் இருந்துச்சு.”

“உன் ஈஸ்ட்டைப் போட்டா சாக்கே அரிசி மதுவுல அழுகின முட்டை நாத்தமே வராதுன்னு சொன்னியே, எந்த தைரியத்துல சொன்னே?”

இதைச் சொல்லச் சொன்னால் அவளுக்குக் கவலைகூட மறந்துவிடும். “சல்ஃபேட்ங்கிற கந்தக உப்பு ஒரு கல்லுளிமங்கன் சார். ஈஸ்ட் செல்லுக்குள்ள வந்தாலும் சும்மா கிடக்கும், எதோடயும் சேராது. செல்லுக்குச் சக்தி குடுக்கற ஏடிபிதான் போய் அதைக் கையைப் பிடிச்சு இழுத்து, ‘பாப்ஸ்’னு ஒரு பொருளா மாத்தும். அப்புறம்தான் அது அசையும். அதுலேருந்துதான் நாத்த வாயு வரும், தட்டும் கறுக்கும். என் ஈஸ்ட்டுக்கு பாப்ஸ் செய்யவே தெரியாது. அதனால வெள்ளையாவே இருக்கணும்.”

“இல்லையே!” ஹதனோ பெருமூச்சு விட்டார். “வெள்ளிக்கிழமையோட நிறுத்திடுவோம். இந்த மேசைக்கு வேற ஆள் வர்றாங்க.”

வெள்ளிக்கிழமை மாலை மினே தன் குறிப்பேடுகளைப் பெட்டியில் அடுக்கினாள். சாக்கேவுக்குப் பேர்போன இந்த சைஜோ ஊருக்கு வந்து ஒரு வருடம். வேலைப் பேச்சு, காலை வணக்கம், மாலை வணக்கம் தவிர அவளிடம் யாரும் எதுவும் பேசியதில்லை. போகாதே என்று சொல்லவும் ஆளில்லை.

“என்ன பொண்ணே, மூட்டை கட்டுற?”

துப்புரவு வேலை பார்க்கும் கிகுயோ, துடைப்பத்தோடு வாசலில் நின்றாள்.

“என் ஆராய்ச்சி தோத்துப் போச்சுக்கா. ஊருக்குப் போறேன்.”

“தோத்துப் போச்சா? இப்பதானே நல்லா வருது!”

“என்ன வருது?”

“தினம் பாக்கறேனே. தன்னந்தனியா சோத்துருண்டையைத் தின்னுக்கிட்டு, அந்தத் தட்டையே வெறிச்சுப் பாத்துட்டு உக்காந்திருப்ப. மத்தவங்க தட்டெல்லாம் ரெண்டே நாள்ல கருகருன்னு ஆகுது. உன்னோடது மட்டும் சோகை பிடிச்ச மாதிரி வெளுத்துக் கிடக்குது. எனக்கு மனசு கேக்கல.”

கிகுயோ அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள்.

“அதான், காலையில பெருக்க வர்றப்ப பக்கத்துத் தட்டுலேருந்து குச்சியால கொஞ்சம் எடுத்து உன்னோடதுல தடவி விட்டேன். மூணு தடவையும் நான்தான். மேலாளர்கிட்ட சொல்லிடாத!”