இடது ஸ்பீக்கரில் ஒரு இரைச்சல்

“இந்த வீட்ல ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்!”

மனைவி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அறை வாசலில் நின்றாள். ‘அது’ என்று அவள் சொன்னது, மேசைமேல் மூடியில்லாமல் கிடந்த ஆம்ப்ளிஃபயரை. அச்சகத்தில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்ற அவள் கணவர், ஏழு மாதமாக அதைத் தன் கையாலேயே செய்துகொண்டிருந்தார்.

“இன்னிக்கு முடிஞ்சிரும்,” என்றார் அவர், ஈயம் பற்றவைக்கிற இடத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

“இதைத்தானே போன ஞாயித்துக்கிழமையும் சொன்னீங்க?”

ஆம்ப்ளிஃபயர் நன்றாகத்தான் பாடியது. பாட்டு நின்றதும் பின்னாலிருந்து ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல் கிளம்பும், அதுதான் வம்பு. மனைவியின் தம்பி ஒருநாள் வந்து கேட்டுவிட்டு, “அத்தான், இது பாட்டுப் பெட்டியா, மாவு மிஷினா?” என்று விழுந்து விழுந்து சிரித்தார். சவுண்ட் சர்வீஸ் கடை வைத்திருக்கிற ஆள் வேறு, கேட்கவா வேண்டும்!

ஃபோர்மேனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இரைச்சலுக்குக் காரணம் உள்ளே மின்சாரம் கொடுக்கிற பவர் சப்ளை போர்டுதான்; இரைச்சலே இல்லாத ஒன்றைச் செய்து, அதே மைத்துனரை உட்காரவைத்துக் கேட்கச் சொல்லாவிட்டால் தன் பேரையே மாற்றிக்கொள்வதாகச் சபதம் போட்டார்.

அன்றிலிருந்து இது நாலாவது போர்டு. டிரான்ஸ்ஃபார்மரைத் தூக்கிக் கடைசி மூலைக்குத் தள்ளினார். பிஸ்கட் டின்னை வெட்டி அதற்குச் சட்டை தைத்தார். வயர்களையெல்லாம் சடை மாதிரி முறுக்கினார். மின்சாரத்தை வடிகட்டுகிற கெப்பாசிட்டர்களை, ‘போதும்’ என்று மனசு சொன்ன பிறகும் இரண்டு சேர்த்தே மாட்டினார்.

ஆனால் இரைச்சல் நின்றதா என்று யார் சொல்வது? முப்பது வருஷம் அச்சு இயந்திரத்தின் பக்கத்திலேயே நின்ற காது அவருடையது. அதை அவரே நம்பமாட்டார். மனைவியின் காது அப்படியல்ல, மாடியில் குழாய் சொட்டினால் கீழே இருந்தபடியே எந்தக் குழாய் என்று சொல்லிவிடுவாள். அதனால் தீர்ப்பு எப்போதும் அவளுடையதுதான்.

“வா, வந்து உக்காரு.”

ஃபேனை நிறுத்தினார். ஃபிரிட்ஜின் பிளக்கையும் பிடுங்கினார்.

“பால் கெட்டுப்போனா என்னைக் கேக்கக்கூடாது.”

“ரெண்டே நிமிஷம்!”

அவள் ஸ்டூலில் உட்கார்ந்து, கண்ணை மூடி, ஸ்பீக்கர் பக்கம் காதைச் சாய்த்தாள். “ம்ஹூம். லேசா இருக்குங்க.”

அவர் அப்போதுதான் ஸ்விட்சுக்கே கையை நீட்டியிருந்தார். ஒரு நிமிஷம் அசந்துபோனார். காலையில் ஏற்றிய மின்சாரம் கெப்பாசிட்டருக்குள் இன்னும் கொஞ்சம் தங்கியிருக்கிறது போல. அதைக்கூடப் பிடித்துவிடுகிறதென்றால் இது எப்பேர்ப்பட்ட காது!

“இரு இரு, இன்னும் போடவே இல்ல,” என்று பெருமையோடு சொல்லி ஸ்விட்சைத் தட்டினார். சிவப்பு விளக்கு எரிந்தது.

“இப்ப கேளு. ஆனா ஒண்ணு. இன்னிக்கும் இருக்குன்னு சொன்னே, நான் இதைத் தலைமுழுகிடறேன். அத்தனையையும் பழைய சாமான்காரர்கிட்ட போட்டுட்டு வந்துடறேன்.”

வீம்பாகத்தான் சொன்னார். வேலையும் போய், இதுவும் போனால், காலையில் எழுந்து என்ன செய்வது? அதை நினைத்தால் அவருக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது.

மனைவி கண்ணைத் திறந்தாள். “நிஜமாவா சொல்றீங்க?”

“சத்தியமா.”

“சரி, இரைச்சல் இல்லேன்னா?”

“அப்புறம் என்ன, மூடியைப் போட்டு நாலு திருகை முடுக்கினா வேலை முடிஞ்சுது. சாயங்காலமே உன் தம்பியை வரச்சொல்லிடலாம்.”

அவள் மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள். வலது ஸ்பீக்கரிடம் காதைக் கொடுத்தாள், இடது ஸ்பீக்கரிடம் கொடுத்தாள், திரும்ப வலது பக்கம் வந்தாள். அவள் நெற்றியில் வேர்வை அரும்பியது. இவ்வளவு நேரம் அவள் எடுத்துக்கொண்டதே இல்லை. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“வலது பக்கம் சுத்தமா நின்னுடுச்சுங்க.”

“அப்படிப் போடு!”

“ஆனா இடது பக்கம் மட்டும்... நூல் மாதிரி ஒரு சத்தம்...”

அவர் முகம் சுருங்கியது. அடுத்த நொடியே தொடையில் தட்டிக்கொண்டு துள்ளினார். “அட, ரெண்டு பக்கத்துக்கும் ஒரே போர்டுலேர்ந்து எடுத்தா வேற எப்படி இருக்கும்? இடதுக்குத் தனியா ஒரு டிரான்ஸ்ஃபார்மர், தனியா ஒரு போர்டு. தீர்ந்துது கதை!”

“எவ்வளவு நாளாகும்?”

“எப்படியும் ரெண்டு மாசம்.”

“அவசரமே இல்ல, நிதானமா செய்யுங்க,” என்று அவள் பெருமூச்சு விட்டாள். ஃபோர்மேனுக்கு நெஞ்சு இளகிவிட்டது. வாய்தான் அப்படி, மனசு தங்கம் என்று நினைத்துக்கொண்டே சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பினார்.

தெருமுனை வரை போன பிறகுதான், டிரான்ஸ்ஃபார்மர் அளவை எழுதிய சீட்டு மேசைமேலேயே இருப்பது நினைவுக்கு வந்தது. திரும்பி வந்து வாசல்படியில் கால் வைத்தார். உள்ளே மனைவி போனில் தம்பியோடு பேசிக்கொண்டிருந்தாள். லைன் சரியில்லை போலிருக்கிறது, தொண்டை கிழியக் கத்தினாள். அச்சகத்துக் காதிலும் ஒவ்வொரு சொல்லும் அட்சரசுத்தமாக விழுந்தது.

“இன்னிக்கு வராதேடா! ரெண்டு மாசம் கழிச்சு வா... என்னது, இரைச்சலா? அது மூணாவது போர்டுலயே நின்னுபோச்சுடா!”

படியில் வைத்த கால் அப்படியே நின்றது.

“வேற என்னடா பண்றது? சும்மா இருந்தா, மனுஷன் சமைக்க வந்துடறாரு!”