அழுகைக் காட்சியில் ஒரு சிரிப்பு

யாரோ தியேட்டரில் திருட்டுத்தனமாக எடுத்து ஒரு சேனலில் போட்டிருந்த புதுப்படத்தைப் போனில் ஓடவிட்டு, ரெஜினா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கதாநாயகி தாயின் பிணத்தின்மேல் விழுந்து அழுதபோது தியேட்டர் இருட்டுக்குள் ஒருவன் சிரித்தான். விக்கலில் போய் முடிகிற அந்தச் சிரிப்பு, சண்டை போட்டுக்கொண்டு வீட்டைவிட்டுப் போய் இரண்டு வருஷமாகத் தகவலே இல்லாத அவள் தம்பி ஆரோனுடையது. “சும்மா இருடா” என்று பக்கத்தில் யாரோ அதட்டுவதும் கேட்டது.

கணவனைக் கூப்பிட்டுக் காட்டினாள். “உனக்கு எதைக் கேட்டாலும் அவனாத்தான் தெரியுது” என்று சொல்லிவிட்டு செல்வின் போய்விட்டான்.

அவள் சேனல்காரனுக்கு எழுதினாள். “தம்பி, அழுற சீன்ல ஒருத்தன் சிரிக்கிறானே, அது எந்த ஊர் தியேட்டர்?” போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்ததில் குழம்பு அடிப்பிடித்தது.

சாயங்காலம் பதில் வந்தது. “ஸாரிக்கா, நிறையப் பேர் அதுக்குத் திட்டிட்டாங்க. நானே உட்கார்ந்து தியேட்டர் சத்தம் மொத்தத்தையும் எடுத்துட்டேன். பழைய ஃபைலைத் தூக்கியாச்சு. இப்பப் பாருங்க, சுத்தமா இருக்கும்.”

ஓடவிட்டாள். கதாநாயகி தனியாக அழுதாள்.

“சிரிச்சது என் கூடப்பிறந்தவன். எங்க எடுத்தீங்கன்னு மட்டும் சொல்லுங்க” என்று எழுதினாள். அவன் படித்துவிட்டான். எழுதுகிறான் என்று திரையில் வந்தது. நின்றது. மறுபடியும் வந்தது. ஊர்ப் பெயர் வருவதற்குள் ரெஜினா பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு செருப்பைத் தேடினாள்.