கிழக்கே ஓடும் குமிழி

கற்பூரத்தை அணைத்துச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. ஆன்லைன் ஏலத்தில் ஒரு கொத்தனாரின், மட்டம் பார்க்கும் பழைய ரசமட்டத்தை எடுத்தேன். வீட்டில் எங்கே வைத்தாலும் குமிழி நடுவில் நிற்காமல் கிழக்கே ஓடியது. குமிழி மேட்டுப்பக்கம்தானே ஓடும்? வீடு மேற்கே சாய்கிறதென்று எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கிழக்குப் பக்கத்தைக் கொஞ்சம் இறக்கலாமென்று அந்தச் சுவரின் அடியைத் தோண்டக் கடப்பாரையைத் தூக்கினேன்.

"சுவர்ல கைய வச்சீங்க, நான் எங்கண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன்" என்றாள் மனைவி செண்பகவல்லி.

ரசமட்டத்தை விற்ற கொத்தனாருக்குப் போன் போட்டேன். "எங்க வீடு கிழக்கதான் இருக்கு ஐயா. அதுக்கு இங்க வரணும்போல. கொஞ்சம் தாஜா பண்ணிப் பாருங்க" என்றார்.

தடவிக் கொடுத்தேன். குமிழி இன்னும் வேகமாக ஓடியது. கடப்பாரையை ஓங்கினேன். செண்பகவல்லி பெட்டியோடு வாசலில் இறங்கிவிட்டாள்.

ரசமட்டம் இருக்கும் பார்சல் நாளைக்குத்தான் வருமென்று இப்போது மெசேஜ் வந்திருக்கிறது.