கஜு வந்தால்தான்

"கஜு வந்தாத்தான் நான் வருவன். இல்லாட்டி நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க."

அம்மா கௌசி இதைச் சொன்னதும் அப்பா திருமாறன் தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்தார். மடிக்கணினி வரைபடத்தில் காஸ்பே கடற்கரையோர வீதியைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்த தக்ஷினி நிமிர்ந்தாள். முந்திரிப்பருப்பு நிறத்தில் இருந்ததால் கஜு என்று பெயர் வாங்கிய நாய் மட்டும் மேசைக்கடியில் நிமிராமல் கிடந்தது.

"உண்மையாவோ அம்மா? வாறீங்களோ?"

"கஜு வந்தா."

ஒவ்வொரு கோடையிலும் அப்பாவும் தக்ஷினியும்தான் கடலுக்குப் போவார்கள். அந்த வாரம் பார்த்து அம்மாவுக்கு வேலை இருக்கும், இல்லாவிட்டால் தலையிடி. இத்தனைக்கும் அம்மா மட்டக்களப்பில், கல்லடிக் கடலுக்குப் பக்கத்தில் வளர்ந்தவள். பதினாறு வருடப் படங்களில் கடல் தெரிகிற எதிலும் அம்மா இல்லை. அப்பா ஒருநாளும் வற்புறுத்தியதில்லை. அது அன்பு என்று தக்ஷினி நினைத்த வருடங்களும் உண்டு. அக்கறையில்லாமை என்று நினைத்த வருடங்களும் உண்டு.

அம்மா இந்த நிபந்தனை வைத்ததுதான் வேடிக்கை. கஜு உரசினால் உடனே போய்க் கால் கழுவுகிறவள் அவள். சாமியறையில், தக்ஷினி படத்தில் மட்டுமே பார்த்திருக்கிற பெரியம்மாவுக்கு விளக்கு வைக்கும் நேரம் அவன் மூக்கை நீட்டினால், தும்புத்தடியை எடுத்துக்கொண்டு துரத்துவாள்.

"அவனைப் பக்கத்து வீட்டு டெனிஸ்டனிட்ட விடுறதெண்டு கதைச்சுப்போட்டனே," என்றார் அப்பா. "நாள் முழுக்கக் கார் ஓட்டம். கார் நிறைய மயிர் கொட்டும். பேந்து ரைஸ் குக்கரை எங்க வைக்கிறது?"

"அதை நான் மடியில வெச்சிருக்கன்," என்றாள் அம்மா.

"அப்பா, காஸ்பேயிலயும் சாப்பாட்டுக் கடை இருக்கு!"

"இருக்கும். சோறு இருக்குமோ?"

தக்ஷினி சிரித்தபடி திரையை அம்மா பக்கம் திருப்பினாள். "இந்த மோட்டலைப் பாருங்கோ. கதவைத் திறந்தாக் கடல்! ஆனா நாய் விடமாட்டினமாம்."

"அது வேணாம்." அம்மா படத்தைப் பார்க்கவேயில்லை. "ரோட்டுக்கு மற்றப் பக்கம், மேட்டில ஏதும் இருக்கா பாரு. மேல்மாடி எண்டா இன்னும் நல்லம்."

"கடலுக்குப் போய் மேட்டிலயோ இருக்கிறது?"

"மேட்டில இருந்து பாத்தாத்தான் சூரியன் எழும்புறது வடிவு," என்று அப்பா அவசரமாகக் குறுக்கிட்டார். அந்த இடத்திலேயே கைபேசியை எடுத்தார். "டெனிஸ்டன், குறை நினையாதை. அவன் எங்களோட வாறான்."

தக்ஷினி பியர்பொன்ட்ஸ் பகுதியைத் தாண்டிப் பேருந்தில் பள்ளிக்குப் போவதற்கே ஆயிரம் கேள்வி கேட்கிற அப்பா, இதற்கு ஏன் என்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

அம்மா குனிந்து மேசைக்கடியில் பார்த்தாள். "இவனுக்குக் காது நல்லாக் கேக்குமா?"

"ஏனம்மா?"

பதிலுக்கு அம்மா ஒரு கரண்டியை நிலத்தில் போட்டாள். கஜு துள்ளி எழும்பி, வழுக்கி, கதிரையில் மோதி, சோபாவுக்குப் பின்னால் போய் ஒளிந்தான்.

"பாத்தீரோ உம்மட வீரனை!" அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "இடி இடிச்சாக் கட்டிலுக்குக் கீழ. காவலுக்கும் உதவான். சரியான பயந்தாங்கொள்ளி."

"பயந்தவன்தான் வேணும்," என்றாள் அம்மா. அவள் மட்டும் சிரிக்கவில்லை. "அங்க போய் அவனைக் கட்டிப்போடக் கூடாது, சொல்லிட்டன். இரவைக்கு எண்ட கட்டிலுக்குப் பக்கத்தில படுக்கட்டும்."

அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நாய்! ஏன் என்ற கேள்வி தக்ஷினியின் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். ஒரு கேள்வி கூடிப்போனால் அம்மா மறுபடியும் அந்தத் தலையிடிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள் என்று பயமாக இருந்தது. படம் ஒன்று வேண்டும். அம்மாவும் கடலும் சேர்ந்து நிற்கிற ஒரேயொரு படம்.

கடைசியில் அகப்பட்டது. வீதிக்கு மேலே மேட்டில் ஒரு மஞ்சள் வீடு, மாடியில் அறை, நாய்களுக்கும் வரவேற்பு.

"புக் பண்ணிட்டன்!" தக்ஷினி கதிரையில் ஏறிக் குதித்தாள். "அலே, வா கஜு! நாங்கள் கடலுக்குப் போறம்!"

கஜு சோபாவுக்குப் பின்னால் இருந்தே குரைத்தான். அப்பா ஐஸ் பெட்டியைத் தேடிக்கொண்டு வாகனக் கொட்டகைக்குள் ஓடினார். "கௌசி, முதல் நாளைக்குப் புட்டும் கட்டுச்சம்பலும். ரெண்டாம் நாளைக்கு இறைச்சிக்கறி!" என்று அங்கிருந்து அவர் குரல் வந்தது. பயணத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது.

தக்ஷினி நிலவறைக்கு ஓடிப்போய்க் கஜுவின் பயணப் போர்வையை எடுத்துக்கொண்டு வந்தாள். மேல்படியில் கால் வைத்தவள் அப்படியே நின்றாள்.

அம்மா சோபாவுக்குப் பின்னால் நிலத்தில் உட்கார்ந்திருந்தாள். கஜுவின் தலையில் அவள் கை இருந்தது. முதல் தடவையாக அவனைத் தொட்டு, காதுக்குப் பக்கத்தில் குனிந்து, மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்:

"சுனாமி அண்டைக்கி, கடல் உள்ள வர முன்னமே எங்கட தெரு நாயெல்லாம் ஊருக்குள்ள ஓடினது, நானும் அக்காவும் அதைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டு நிண்டம். இந்தமுறை நீ ஓடு மகன், நான் உனக்குப் பின்னால பிள்ளையையும் இழுத்துக்கிட்டு ஓடி வாறன்."