ஓசி சாஃப்ட்வேர்

"யாரும் கம்ப்யூட்டரைத் தொடாதீங்க. சோதனை போட வந்திருக்கேன்."

அதிகாரி அடையாள அட்டையை நீட்டியதும் போட்டோ ஸ்டுடியோ முதலாளி கேமராவைக் கீழே வைத்தார்.

"எதுக்கு சார்?"

"இங்க திருட்டு சாஃப்ட்வேர் ஓடுதுன்னு புகார் வந்திருக்கு. நிஜம்னா கடைக்கு சீல். கேஸ் தனி."

படம் எடுப்பது முதலாளி. கம்ப்யூட்டரில் மெருகேற்றுவது மனைவி. அவர் மவுஸைத் தொட்டதே இல்லை. அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்று அதிகாரம் செய்வதோடு சரி. இப்போது அவள் காதருகே குனிந்தார்.

"அப்பவே திருட்டுக் காப்பி வேணாம்னு அடிச்சுச் சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேனே. இலவசமாவே நல்லது கிடைக்குது, மாறிடலாம்னு. ஓசி சாஃப்ட்வேர் வெச்சா நம்ம கடையையே ஓசிக் கடைம்பாங்கன்னு நீங்கதான் குதிச்சீங்க."

"இப்ப அது ரொம்ப முக்கியமா?"

அதிகாரி ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். புருவத்தைச் சுருக்கினார். அதற்கு மேல் முதலாளியால் தாங்க முடியவில்லை.

"ஒத்துக்கறேன் சார். அஞ்சு வருஷமா திருட்டுக் காப்பிதான். என்னை வேணா கூட்டிட்டுப் போங்க, கடையை விட்டுருங்க."

"நீங்க ஒத்துக்கறீங்க, கம்ப்யூட்டர் ஒத்துக்க மாட்டேங்குதே," என்றார் அதிகாரி. "படத்துக்கு ஜிம்ப். ஆல்பத்துக்கு ஸ்கிரைபஸ். கடிதத்துக்கு லிப்ரே ஆபீஸ். எல்லாமே யாரு வேணாலும் இலவசமா வெச்சுக்கக்கூடியது. போட்டு ரெண்டு வருஷமாச்சு. ஐகானை மட்டும் காசு குடுத்து வாங்கற சாஃப்ட்வேரோடது மாதிரி மாத்தியிருக்காங்க."

முதலாளி மனைவியை முறைத்தார். "அப்போ, போன மாசம் பரிசு வாங்கின படம்?"

"ஜிம்ப்தான். விலை ஒசந்த சாஃப்ட்வேர் மாதிரி வருமான்னு மேடையில வேற பேசினீங்க. பக்கத்துல நான் சிரிப்பை அடக்கிட்டு நின்னது எனக்குத்தான் தெரியும்."

அதிகாரி எழுந்தார். "யாரோ வேணும்னே எழுதிப் போட்டிருக்காங்க. பேரில்லாத புகார். நகல் இந்தாங்க, எழுத்து அடையாளம் தெரியுதான்னு பாருங்க."

அவர் படியிறங்கியதும், "எதிர்க்கடைக்காரன் வேலையாத்தான் இருக்கும். இன்னிக்கு அவனை..." என்று பல்லைக் கடித்தபடி முதலாளி காகிதத்தைப் பிரித்தார். எழுத்தைப் பார்த்தவர் மெல்ல மனைவி பக்கம் திரும்பினார்.

"நான் சொன்னா எங்க நம்பப் போறீங்க," என்றாள் மனைவி. "அதான், ஒரு ஆபீசரை வரவழைச்சுச் சொல்ல வெச்சேன்."