வேர்க்காத காளான்

டப்பாவின் மூடியைத் திறப்பதற்கு முன்பே கொபுசிங்கே மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

திறந்து, மெல்லக் கையை எடுத்தாள். நாற்றம் வரவில்லை.

மெல்லக் கையை எடுத்தாள். வெள்ளிக்கிழமை அவளே பறித்து அடுக்கிய சிப்பிக் காளான். இன்று செவ்வாய். ஓட்டல் சமையற்கட்டின் பின்வாசல் வெளிச்சத்தில், இப்போதுதான் பறித்தது போல வெள்ளை வெளேரென்று கிடந்தது. மூடியின் உட்புறத்தைத் தடவினாள். பொட்டு ஈரமில்லை.

அடியில் அவள் தைத்து வைத்த துணிப் பொட்டலம் மட்டும் கனத்திருந்தது. உள்ளே வறுத்த உப்பும் களிமண் தூளும். காளான் விட்ட வேர்வை முழுவதையும் அது குடித்திருந்தது.

சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. ஜெயித்துவிட்டாள்.

பிறகுதான் உறைத்தது. இந்த டப்பாவும் அழுகிவிட்டது என்றல்லவா அவள் புருஷன் அராலி சொன்னான்?

மழைக்காலம் முழுக்க இதே பாட்டுத்தான். மோட்டார் சைக்கிளில் டப்பாக்களைக் கட்டிக்கொண்டு டவுனுக்குப் போவான். வெறுங்கையோடு வருவான்.

"எல்லாம் வேர்த்து வழிஞ்சு குப்பைக்குப் போயிடுச்சுடி. மண்ணைக் கட்டி அனுப்புற, மண்ணாத்தான் போகுது."

கட்டிய புருஷன் பொய் சொல்வானா? வாழைச் சருகு வைத்துப் பார்த்தாள். காகிதம் வைத்துப் பார்த்தாள். கடலைக் குழம்பு சப்பென்று இருக்கிறதென்று பிள்ளைகள் முகம் சுளித்த நாளிலும் பொட்டலத்துக்கு உப்பைக் குறைக்கவில்லை. ராசியில்லாத கை என்று தன் கையையே திட்டிக்கொண்டாள், பைத்தியக்காரி.

எங்கே பிசகுகிறது என்று கண்ணால் பார்த்துவிடத்தான் இன்று அவனிடம் சொல்லாமல் கிளம்பி வந்தாள்.

"என்ன அப்வோலி, அப்படிப் பார்க்கறீங்க?" என்றார் தலைமைச் சமையல்காரர் ருசோகே. ஊர் வழக்கப்படி, வந்ததுமே அவளுடைய செல்லப்பெயரைக் கேட்டுத்தான் வணக்கம் சொல்லியிருந்தார்.

"இது ஒண்ணுதான் கெடாம வந்துச்சா?"

"வாயைக் கழுவுங்க! இதுவரைக்கும் ஒரு டப்பா கெட்டதில்ல. எல்லாம் அகீகியோட கைவண்ணம்."

"அகீகியா?"

"அராலியோட சம்சாரம். இந்தப் பொட்டலமெல்லாம் அவங்கதான் தைக்கறாங்களாம். இங்க பக்கத்துலதான் குடியிருக்காங்க. போன வாரம்கூட ரெண்டு பேரும் வந்தாங்க. வயித்துப் பிள்ளைக்காரியாச்சேன்னு உட்கார வெச்சு டீ கொடுத்தேன்."

அவளுடைய சேறு படிந்த கால்களைப் பார்த்துவிட்டு, "நீங்க அவங்ககிட்ட வேலை பார்க்கறீங்களா?" என்று கேட்டார்.

அவள் டப்பாவை மூடினாள். நான்கு மூலையையும் அழுத்தி, சரியாக மூடியிருக்கிறதா என்று பார்த்தாள்.

"ஆமாங்க," என்றாள். "அந்தம்மா வீட்டுக்குத்தான் வழி தெரியல. கொஞ்சம் சொல்லுங்க."